கோதுமை கூடாதென்றால் ரொட்டிக்கு எங்கே போவது?



“பசியாறியாச்சா?” என்பதுதான் மலேசியத் தமிழர்கள் காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தவுடன் கேட்கும் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குக் கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இன்று கிடைக்கும் பதிலைக் கொஞ்சம் கவனியுங்கள். ரொட்டி சானாய், சப்பாத்தி, பூரி, காயா தடவிய ரொட்டி, மீ கோரேங். அத்தனையும் கோதுமை. பக்கத்தில் ஒரு குவளை மைலோ. அதில் பார்லி. அரிசியை உண்டு வளர்ந்த ஒரு சமுதாயத்தின் காலை வேளை முழுவதும் கோதுமையின் கைக்குப் போய்விட்டது என்றால் அது மிகையாகாது.

இந்தக் காலை வேளையில் ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். கற்பனைக் குடும்பம்தான், ஆனால் அதற்கு வரும் சிக்கல்கள் எதுவும் கற்பனையல்ல. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி. மூன்றாம் ஆண்டு படிக்கும் சிறுமி. ஒன்றரை ஆண்டாக உயரம் கூடவில்லை. வயிறு மட்டும் உப்பியிருக்கிறது, அடிக்கடி வயிற்றுப்போக்கு, இரத்தச் சோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மருந்து எதுவும் எடுபடவில்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள், திருஷ்டி கழித்தார்கள், கடைசியில் ஒரு குழந்தை மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்தது: சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் வாழ்நாள் முழுவதும் அந்தப் பிள்ளையின் வாய்க்குள் போகக்கூடாது.

தாயின் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? “அப்படின்னா டாக்டர், ரொட்டிக்கு என்ன செய்யிறது?”

அங்கிருந்துதான் தேடல் தொடங்குகிறது. அக்கம்பக்கத்துப் பேரங்காடியில் கிடைக்காது. யாரோ சொல்ல, பங்சார் பக்கம் இறக்குமதிப் பொருள் விற்கும் கடைக்குப் போகிறார்கள். உறைபெட்டியின் ஓரத்தில் நாலு பொட்டலம் இருக்கும். சாதாரண ரொட்டியைவிடப் பல மடங்கு விலை. துண்டுகளோ உள்ளங்கை அளவு. வீட்டுக்கு வந்து பிரித்தால் தொட்ட இடமெல்லாம் உதிர்கிறது. பிள்ளை ஒரு வாய் கடித்துவிட்டு, “அம்மா, மணல் மாதிரி இருக்கு” என்கிறாள். அந்த வாரமே அடுத்த பேச்சு தொடங்கிவிடும். பாட்டி சொல்வார்: “ஒரே ஒரு துண்டு நல்ல ரொட்டி கொடுத்தா பிள்ளைக்கு என்னம்மா ஆயிடப் போவுது?”

என்ன ஆகிவிடும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இது சாதாரண ஒவ்வாமை அல்ல. குளூட்டன் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய உறிஞ்சிகள் மழுங்கிப் போகின்றன. சாப்பிட்ட சத்து இரத்தத்தில் சேராமல் வீணாகிறது. இரத்தச் சோகையும் எலும்புத் தேய்வும் வளர்ச்சிக் குறைவும் இதன் வழியாகவே வருகின்றன. இதற்கு மாத்திரை இல்லை, ஊசி இல்லை. உணவுக் கட்டுப்பாடு ஒன்றே மருந்து. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து இத்தாலியில் நடத்திய ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை 3 மாதம் தொடர்ந்து சாப்பிட்டாலே குடலில் சேதம் தெரிகிறது என்று அது காட்டியது. சாதாரண ரொட்டித் துண்டு ஒன்றில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. அப்படியானால் 50 மில்லிகிராம் என்பது ஒரு துண்டில் நாற்பதில் ஒரு பங்கு. மேசைமேல் சிந்திக் கிடக்கும் தூள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் ஒரு துண்டு பாசத்தால் வருவதுதான். ஆனால் குடலுக்குப் பாசம் தெரியாது.

“இது வெள்ளைக்காரன் வியாதி, நமக்கு எங்கிருந்து வரும்?” என்று கேட்பவர்களும் உண்டு. 2016-இல் இந்தியாவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. வட இந்தியாவிலும் வடகிழக்கிலும் தென்னிந்தியாவிலும் ஆயிரக்கணக்கானவர்களைச் சோதித்தார்கள். இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு மூன்று வட்டாரங்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது; அதில் தெற்கத்தியர் வடக்கத்தியருக்குக் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் நோயின் அடையாளமான எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 விழுக்காடு, தெற்கில் 0.10 விழுக்காடு. வேறுபாடு எங்கே? தட்டில். வடக்கே ஒருவர் நாளுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிடுகிறார். தெற்கே 25 கிராம்.

இப்போது கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் தட்டுக்கு வாருங்கள். மரபணு தெற்கத்தியது. பசியாறலோ பாதி வடக்கத்தியது, பாதி வெள்ளைக்காரனுடையது. போதாததற்கு, நீரிழிவு வந்தவுடன் “சோற்றை விடு, சப்பாத்தி சாப்பிடு” என்ற அறிவுரை வீட்டுக்கு வீடு கிடைக்கிறது. நல்ல உடம்புக்காரர் வீட்டில் அது எப்படியோ இருக்கட்டும். இந்த நோய் இருக்கும் வீட்டில் அந்த அறிவுரை நஞ்சு. மலேசிய இளம் வயதினர் 562 பேரைச் சோதித்து 2015-இல் வெளிவந்த ஆய்வில் 1.25 விழுக்காட்டினரிடம் இந்த எதிர்ப்பொருள் காணப்பட்டது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரிலும் அது இருந்தது. நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். ஆனால் பெயர் தெரிந்து வாழ்கிறவர்கள் எத்தனை பேர்?

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு நாளையிலிருந்து கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இரத்தப் பரிசோதனையிலும் குடல் திசுப் பரிசோதனையிலும் நோய் தெரியும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் பரிசோதனை ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடும். நோயோ உள்ளேயே இருக்கும். சந்தேகம் வந்தால் முதலில் மருத்துவர், அப்புறம்தான் சமையலறை.

இந்த நோய்க்கும் ரொட்டிக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்த வரலாறும் ஒரு பஞ்சத்தோடு பிணைந்தது. இலண்டன் குழந்தை மருத்துவர் சாமுவேல் கீ 1888-லேயே இந்த நோயை வருணித்து, குணம் என்று ஒன்று உண்டானால் அது உணவின் வழியாகத்தான் வரும் என்று எழுதிவிட்டார். எந்த உணவு என்பதுதான் தெரியவில்லை. அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் 1924-இல் இப்பிள்ளைகளுக்கு வாழைப்பழமாகக் கொடுத்துத் தேற்றினார். பிள்ளைகள் தேறினார்கள், வாழைப்பழத்தில் ஏதோ மகிமை என்று எல்லாரும் நம்பினார்கள். மகிமை பழத்தில் இல்லை, பழத்தைக் கொடுத்தபோது நிறுத்திய ரொட்டியில்தான் விஷயம் இருந்தது. அதைப் பிடித்தவர் நெதர்லாந்தின் ஹேக் நகரக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கே. போருக்கு முன்பே அவருக்குக் கோதுமைமேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நாடே ரொட்டியில்லாமல் வாடியபோது, இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் மோசமாகவில்லை. ரொட்டி திரும்பியது, நோயும் திரும்பியது. 1950-இல் அவர் தம் ஆய்வேட்டில் இதை நிறுவினார்.

அதே ஆண்டுகளில் மலாயாவில் ஜப்பானியர் ஆட்சி. இங்கே அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த தலைமுறை ஒன்று உண்டு. அந்தக் கிழங்கின் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் எத்தனை வீட்டில் இருந்தார்கள்! இன்று அதே மரவள்ளி மாவுதான் விலை உயர்ந்த குளூட்டன் இல்லாத ரொட்டிகள் பலவற்றில் அரிசி மாவோடு சேர்கிறது.

சரி, ரொட்டிக்கு வருவோம். அந்தப் பங்சார் ரொட்டி ஏன் மணலாக உதிர்ந்தது? கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது குளூட்டன் வலைபோலப் பின்னிக்கொள்கிறது. ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வீசி விசிறி கைக்குட்டையாக விரிக்கிறாரே, கிழியாமல் அது இழுபடுவது இந்த வலையால்தான். ஈஸ்ட் விடும் காற்றை அந்த வலை பிடித்து வைத்துக்கொள்வதால் ரொட்டி உப்புகிறது, ஆறினாலும் அமுங்குவதில்லை. குளூட்டனை எடுத்துவிட்டால் வலை இல்லை, காற்று நிற்க இடம் இல்லை. அதற்குப் பதிலாகத் தொழிற்சாலைகள் பலவகை மாச்சத்தையும் சாந்தன் பசை போன்றவற்றையும் முட்டையையும் கலந்து ஒட்டவைக்கின்றன. மாச்சத்து மிகுந்த ரொட்டி சீக்கிரம் இறுகிப் போகும். அதனால்தான் அது உறைபெட்டியிலோ காற்றுப் புகாத பையிலோ வருகிறது. அதைச் சும்மா எடுத்துக் கடித்தால் மணலாகத்தான் இருக்கும். டோஸ்டரில் நன்றாக வாட்டிச் சுடச்சுடச் சாப்பிட வேண்டும். மீதியைத் துண்டு துண்டாக உறையவைத்து, வேண்டும்போது ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். புதிதாக இந்த உணவுமுறைக்கு வந்தவர்கள் பாதிப் பேர் முதல் பொட்டலத்திலேயே மனம் உடைந்து போவதற்குக் காரணம், இதை யாரும் அவர்களுக்குச் சொல்லாததுதான்.

வாங்கும்போது உறையைப் படியுங்கள். ‘கோதுமை இல்லை’ என்பதும் ‘குளூட்டன் இல்லை’ என்பதும் ஒன்றல்ல. முன்னதில் பார்லியோ ரையோ இருக்கலாம். 2008-இல் திருத்தப்பட்ட அனைத்துலக உணவுத் தர விதிப்படி, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பொருளுக்குத்தான் அந்தப் பெயர் தகும். உறையில் முதலில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். வெறும் மாச்சத்தும் சீனியும் முதலில் நின்றால் அது வயிற்றை நிரப்புமே தவிர உடம்பைத் தேற்றாது. நீரிழிவும் சேர்ந்தவர்களுக்கு அது இன்னொரு தொல்லை. சிறுதானியமோ பருப்போ நார்ச்சத்தோ கலந்தது என்றால் கொடுத்த காசுக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. புளிக்கவைத்த கோதுமை ரொட்டி ஒன்றும் செய்யாது என்று சில அழகிய கடைகளில் சொல்லுவார்கள். இந்த நோயாளிகளுக்கு அது ஆகாது. எவ்வளவு புளித்தாலும் கோதுமை கோதுமைதான்.

மலேசியாவில் விற்கும் பொட்டலங்களுக்கு 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் உண்டு. குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதை உறையில் அறிவித்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அது மலாயில் இருக்கும். முதலில் தேட வேண்டிய சொல்: ‘கண்டும்’. மலாயில் கோதுமை. ‘தெப்புங் கண்டும்’ என்றால் கோதுமை மாவு. அந்தச் சொல்லைக் கண்டும் காணாமல் போய்விடக்கூடாது! ‘தெப்புங் பெராஸ்’ அரிசி மாவு. ‘தெப்புங் பூலுட்’ புட்டரிசி மாவு. புட்டரிசியை ஆங்கிலத்தில் சொல்லும்போது குளூட்டன் என்ற ஒலி காதில் விழுவதால் பயந்து ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் ஒட்டும் தன்மையைக் குறிக்கும் பெயர். புட்டரிசியில் குளூட்டன் கிடையாது, தாராளமாகச் சாப்பிடலாம்.

வீட்டிலேயே ரொட்டி சுட நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மேல்நாட்டு ரொட்டிக்காரர்கள் குளூட்டனுக்குப் பதிலாக இன்று பெரிதும் நம்புவது இசப்கோல் உமியை. ஆம், மலச்சிக்கலுக்கு இரவில் வெந்நீரில் கலக்கிக் குடிப்பார்களே, அதேதான்! உலகில் அதிகமாக விளைவது இந்தியாவில். ஆங்கிலப் பெயரில் அழகான புட்டியில் விற்பதைத் தேடி அலைய வேண்டாம். இந்திய மளிகைக் கடைகளில் மருந்துப் பொருள் அடுக்கில் கேட்டுப் பாருங்கள்.

200 கிராம் அரிசி மாவு, 150 கிராம் மரவள்ளி மாவு, 20 கிராம் இசப்கோல் உமி, ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாக உலர் ஈஸ்ட், கொஞ்சம் சீனி, உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். ஏறத்தாழ 400 மில்லி லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் உமியை முதலில் ஊறவிட்டால் கூழ்போல இறுகும். அந்தக் கூழ்தான் வலை. மற்றவற்றைச் சேர்த்துக் கலக்கினால் போதும்; பிசைந்து பிசைந்து கை வலிக்கத் தேவையில்லை, பிசைவதற்கு அங்கே குளூட்டன் இல்லையே. அச்சில் போட்டு, ஒரு மடங்கு பொங்கியதும் 200 பாகை சூட்டில் ஒரு மணி நேரம் சுட வேண்டும். சூட்டோடு வெட்டினால் உள்ளே களியாக இருக்கும்; முழுவதும் ஆறட்டும். முதல் ரொட்டி செங்கல்லாக வந்தால் கலங்க வேண்டாம். மாவுக்கு மாவு தண்ணீர் குடிக்கும் அளவு மாறும். அடுத்த தடவை தண்ணீரைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

இவ்வளவு பாடுபட்டுத் தேடும் பொருள், அதாவது குளூட்டன் இல்லாமல் உப்பி, மிருதுவாக, துளைதுளையாக நிற்கும் ஓர் உணவு, நம் சமையலறையில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் இட்லி.

சிரிக்க வேண்டாம். அரிசியை மட்டும் அரைத்துப் புளிக்கவைத்தால் பொங்காது. உளுந்து சேர்ந்தால்தான் பொங்கும். இராத்திரி முழுவதும் மாவில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை விடுகின்றன. உளுந்தின் புரதமும் அதன் வழவழப்பான பசைச்சத்தும் அந்த வாயுவைக் குமிழ் குமிழாகப் பிடித்து வைக்கின்றன. கோதுமையில் குளூட்டன் செய்யும் வேலையை அரிசியில் உளுந்து செய்கிறது. ஐரோப்பியத் தொழிற்சாலைகள் பசைகளைக் கொண்டு செய்ய முயல்வதை, உளுந்தை எவ்வளவு நேரம் ஆட்ட வேண்டும் என்று கை நிதானத்திலேயே தெரிந்த நம் பாட்டிமார்கள் எந்தக் காலத்திலோ செய்துவிட்டார்கள். ஆப்பமும் அப்படித்தான். கள்ளோ ஈஸ்ட்டோ விட்டுப் புளிக்கவைத்துச் சுடும் ஆப்பம், அரிசியால் செய்த ரொட்டியல்லாமல் வேறென்ன? ஓரம் முறுகலாக, நடு பஞ்சாக இருக்கும் அதைப் பாலில் தொட்டுச் சாப்பிடும் பிள்ளைக்கு ரொட்டி இல்லாத குறை தெரியுமா?

அப்படியானால் சிக்கல் தீர்ந்தது, பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்த் தோசை சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று எழுந்துவிடாதீர்கள். உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பங்சார் ரொட்டி மணலாக இருந்தாலும் உறையில் எழுதியதை நம்பலாம். கடைத் தோசைக்கு உறை கிடையாது.

ஜாலான் துன் சம்பந்தனிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பரபரப்பான ஒரு கடையின் முன்னால் நின்று கல்லைப் பாருங்கள். பல கடைகளில் ஒரே கல்தான். இந்தப் பக்கம் ரொட்டி சானாய், அந்தப் பக்கம் தோசை. ஒரே கரண்டி, ஒரே துடைப்பம். மாவு வீசும் மேசை பக்கத்திலேயே. காற்றில் கோதுமைத் தூள். அந்தத் தோசை மாவில் குளூட்டன் இல்லாமல் இருக்கலாம். கல்லைத் தொட்ட பிறகு அப்படிச் சொல்ல முடியாது. ரவைத் தோசை பெயரிலேயே கோதுமை. மெதுவடையில் மொறுமொறுப்புக்கு ஒரு கைப்பிடி ரவையைப் போடுகிற வழக்கம் உண்டு. அப்பளத்தைப் பொரிக்கிற அதே எண்ணெயில் பூரி பொரிந்திருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பொல்லாத ஒளிவிடம் பெருங்காயம். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துச் செடியின் பால் அது. சுத்தமாக இருந்தால் காரமும் வாடையும் தாங்காது. அதனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலக்கிறார்கள். பல வகைகளில் அந்த மாவு கோதுமை மாவு. (இந்தச் செடியை இந்தியாவே இமாசலப் பிரதேசத்து லாகூல் பள்ளத்தாக்கில் நட்டுப் பார்க்கத் தொடங்கியது 2020-இல்தான். இவ்வளவு நாளும் ஊரெல்லாம் இரசம் வைத்தது வெளிநாட்டுச் சரக்கில்!) சாம்பார், இரசம், ஊறுகாய், முறுக்கு, இட்லிப்பொடி என்று பெருங்காயம் நுழையாத இடமே இல்லை. ஆகக் கோதுமையே இல்லாத இட்லியைக் கோதுமை கலந்த சாம்பாரில் முக்கிச் சாப்பிட்டுவிட்டு, “எல்லாம் நிறுத்தியும் பிள்ளைக்குக் குணமாகவில்லையே” என்று தாய் தவிப்பாள். அரிசி மாவும் பசையும் மட்டும் கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. உறையைப் படித்து வாங்க வேண்டும். சந்தேகமானால் பெருங்காயமே இல்லாமல் பூண்டைத் தட்டிப் போட்டு இரசம் வைத்துவிடலாம்.

மில்லில் கொடுத்து அரைக்கும் மசாலாத் தூளையும் மறக்க வேண்டாம். அதே இயந்திரத்தில் கோதுமையும் அரைபடுகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கிச்சாப் பெரும்பாலும் சோயாவும் கோதுமையும் சேர்ந்தது. ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லியும் உண்டு. மைலோவை ஏற்கெனவே சொல்லியாயிற்று. ஆனால் வீடுகளில் மிகவும் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவது அதுதான், ஏனென்றால் அதை யாரும் சாப்பாடு என்று கணக்கில் வைப்பதில்லை.

கேட்பதுதான் கடினம். கடைக்காரரிடம், “அண்ணே, இந்த இடியாப்பத்துல கோதுமை மாவு கலப்பீங்களா?” என்று கேட்டால் முதலில் அவருக்குக் கோபம் வரும், கலப்படம் செய்கிறாய் என்று குற்றம் சாட்டுவதுபோல அது அவர் காதில் விழும். “பிள்ளைக்கு வியாதிண்ணே, கோதுமை பட்டாலே குடல் புண்ணாயிடும்” என்று காரணத்தை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். கோபம் போய்விடும், சில சமயம் தனியாக ஒரு தட்டே ஒதுக்கித் தருவார். மாலையில் மோட்டார் சைக்கிளில் வரும் புட்டுமாயம்காரரிடம் இப்படி ஒரு தடவை பேசி வைத்துக்கொண்டால், அரிசி மாவு மட்டும் பிழிந்த இடியாப்பம், தேங்காய்ப்பூ, பழுப்புச் சீனி என்று வாரத்தில் இரண்டு நாள் கவலையில்லை. மலாய்க் கடையில் இரண்டே சொல் போதும்: “அடா கண்டும்?”

உறவினர் வீடு இதைவிடக் கடினம். கல்யாண விருந்தில் வாழை இலை போட்டுச் சோறு வைத்தால் பாதுகாப்பு என்று தோன்றும். சாம்பாரில் பெருங்காயம், பாயசத்தில் சேமியா, கேசரியில் ரவை, காய்கறிப் பிரட்டலில் கிச்சாப். “அத்தை ஆசையா செஞ்சது, ஒரு வாய் சாப்பிடு” என்று ஊட்ட வருகிற கையைத் தட்டிவிட எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? இங்கே பேச வேண்டியவர்கள் பெரியவர்கள். விருந்துக்கு முதல்நாளே தொலைபேசியில் சொல்லி வைக்க வேண்டும். வெள்ளைச் சோறும் தயிரும் வெறும் உப்பிட்டு வேகவைத்த காயும் ஓர் ஓரத்தில் எடுத்து வைப்பது எந்தக் கல்யாண வீட்டுக்கும் பாரமல்ல. பிள்ளையின் தாய் “ரொம்பத்தான் அலட்டிக்கிறா” என்ற பேச்சு வரும், வந்தே தீரும். அந்தப் பேச்சுக்குப் பயந்து விட்டுக்கொடுத்தால் வளர்ச்சி குறைவது பேசியவர்களுக்கு அல்ல.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது சில. தோசைக்கல் புதிதாக ஒன்று. சப்பாத்திக்கட்டை அந்தப் பக்கம் வரக்கூடாது. டோஸ்டர் இரண்டு வேண்டும், அல்லது குடும்பம் முழுவதும் ஒரே ரொட்டிக்கு மாறிவிட வேண்டும். மார்ஜரின் டப்பாவில் ரொட்டித் தூளோடு கத்தியை விடுகிற அப்பாக்களுக்குத் தனி டப்பா. கேழ்வரகும் கம்பும் தினையும் சாமையும் இந்த வீட்டில் இனி அடிக்கடி வரும் விருந்தாளிகள். இவை எதிலும் குளூட்டன் இல்லை. ஆனால் மூட்டையில் அள்ளி விற்பதைவிட முத்திரையிட்ட பொட்டலமே நல்லது. பக்கத்து மூட்டை கோதுமையாக இருக்கும்.

மீண்டும் அந்தக் கிள்ளான் சிறுமியின் பள்ளிப் பைக்கு ஒரு வாரக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திங்கள் இட்லி, வீட்டில் இடித்த பொடியோடு. செவ்வாய் ஆப்பம். புதன் கேழ்வரகு அடை. வியாழன் வீட்டு ரொட்டி, வாட்டி, முட்டை வைத்து. வெள்ளி முதல்நாள் மாலை சொல்லி வைத்த இடியாப்பம். வகுப்பில் பிறந்தநாள் வந்தால் கேக்கை மறுக்க வேண்டியிருக்கும். அதற்காக ஆசிரியையிடம் புட்டரிசி மாவில் செய்த பலகாரம் சிலவற்றை ஒரு டப்பாவில் முன்பே கொடுத்து வைக்கலாம். சிற்றுண்டிச்சாலைக்காரருக்கு மலாயில் ஒரு சீட்டும் எழுதிக் கொடுங்கள். மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து மருத்துவர் சொல்லும் நாளில் திரும்ப இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். எதிர்ப்பொருள் அளவு இறங்கிக்கொண்டே வந்தால் வழி சரி. இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் பேசிவிட்டு, சமையலறையில் பெருங்காய டப்பாவிலிருந்து மறுபடியும் தேடத் தொடங்க வேண்டும்.